ஆறாம் நாள் வந்த வாடை

முதலில் வந்தது காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. வாடைதான். சிசேரியன் ஆகி ஆறாம் நாள் விடியற்காலை, குழந்தைக்குப் பால் கொடுக்கக் குனிந்தபோது என் அடிவயிற்றிலிருந்து ஒரு அழுகல் வாடை மேலே ஏறி வந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்குக்கென்று ஒரு வாடை உண்டு, அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துத் துணியை மாற்றினேன். மறுபடியும் வந்தது. அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார். கணவர் அதே அறையில் இருந்தார். இருந்தும், "என் மேல நாத்தம் அடிக்குது" என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்தக் கூச்சத்தில் முழுசாக இரண்டு நாள் போனது. படிக்கிற யாருக்காவது அந்த இரண்டு நாள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னுடையது நாள் குறித்துச் செய்த ஆபரேஷன் இல்லை. பனிக்குடம் உடைந்து 19 மணி நேரமாகியும் கர்ப்பப்பை வாய் 6 சென்டிமீட்டர் விரிந்ததோடு நின்றுவிட்டது. ஷிஃப்ட் மாற மாற, வந்தவர்கள் எல்லாரும் உள்பரிசோதனை செய்து பார்த்தார்கள். எனக்கு நினைவிருக்கிற வரை 9 முறை. அப்போது அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை, அக்கறையாகப் பார்க்கிறார்கள் என்றுதான் இருந்தது. பனிக்குடம் இருக்கிறவரை கர்ப்பப்பைக்கு அது ஒரு வேலி. உடைந்த பிறகு நேரம் ஆக ஆக, கை உள்ளே போகப் போக, பிறப்புறுப்பில் சும்மா குடியிருக்கிற கிருமிகள் மேலே ஏறத் தொடங்கும். வலி எடுத்து, நேரம் கடந்து, அவசரமாகச் செய்கிற சிசேரியனில் தொற்று அதிகம் என்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். போதாததற்கு எனக்கு ரத்தசோகை வேறு, ஹீமோகுளோபின் 8.1.

சின்ன மருத்துவமனை. ஒரே ஆபரேஷன் தியேட்டர், கருவிகளையும் துணிகளையும் நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் இயந்திரமும் ஒன்றே ஒன்று. அன்று இரவு எனக்கு முன்னால் இரண்டு சிசேரியன் முடிந்திருந்தன. குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்றதும் என்னை ஏறக்குறைய ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். குழந்தை அழுத சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்த இரவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். கட்டிலுக்காக வெளியே பெண்கள் காத்திருந்தார்கள். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதித் தந்து, "தையல்ல ஈரம் படாமப் பாத்துக்கம்மா" என்றார்கள். அறிவுரை அவ்வளவுதான். எது வந்தால் திரும்பி வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. சிசேரியன் காயத்தில் வருகிற தொற்றில் பெரும்பகுதி வீட்டுக்குப் போன பிறகுதான் தலைகாட்டும். ஆபரேஷன் நடந்து 30 நாள் வரைக்கும் வருவதை ஆபரேஷன் காயத் தொற்று என்றே கணக்கில் வைக்கிறார்கள். ஆனால் என் கேஸ் ஷீட்டில் மூன்றாம் நாளோடு கணக்கு முடிந்துவிட்டது: "காயம் நலம்." அது பொய்யும் இல்லை. அன்றைக்கு நலமாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் ராத்திரி நடுக்கிக்கொண்டு காய்ச்சல் வந்தது. 38.6 டிகிரி செல்சியஸ். அம்மா போர்வையை இழுத்து விடும்போது என் உடுப்பில் மஞ்சளாக ஒரு கறையைப் பார்த்துவிட்டார். தையலின் இடது ஓரம் சிவந்து, கல் மாதிரி இறுகி, தொட்டால் சுட்டது.

"இதை ஏன்டி சொல்லல?"

பதில் சொல்லத் தெரியாமல் அழுதேன்.

டிரெஸ்ஸிங் அறையில் இருந்த சீனியர் சிஸ்டர் காயத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "எத்தன நாளா வாடை வருது?" என்றுதான் கேட்டார். இரண்டு நாளாக என்றேன். "சொல்றதுக்கென்ன? எங்க மூக்குக்கு அது பழகினதுதான்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் அழுத்தினார். சீழ் வந்த வேகத்தைப் பார்த்து அம்மா வெளியே போய்விட்டார். டாக்டர் வந்து நான்கு தையலைப் பிரித்தார். கையுறை விரலை உள்ளே விட்டு, தசைக்கு மேலிருக்கும் உறை பிரியாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அது பிரிந்திருந்தால் மறுபடி தியேட்டருக்குத்தான் போயிருப்பேன். நல்லவேளை, உறை தாங்கியிருந்தது. கர்ப்பப்பைக்குள்ளும் தொற்று பரவியிருக்கிறதா என்று அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என் மூச்சை எண்ணினார். காய்ச்சலுக்கு வந்தால் மூச்சை எதற்கு எண்ணுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ரத்தத்தில் தொற்று ஏறினால் மூச்சும் நாடியும் வேகமாகும், சிறுநீர் குறையும், பேச்சு குழறும், ஆள் தெளிவில்லாமல் போவார். அந்த நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு என்று பிறகு அவரே சொன்னார். எனக்கு நாடி 118 இருந்தது, மற்றதெல்லாம் சரியாக இருந்தது. அன்றே அட்மிட் செய்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். ஐந்து நாள் மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் விழுங்கியிருக்கிறேன், பிறகு எப்படி? டாக்டரிடமே கேட்டேன். "சீழ் கட்டி நிக்கிற இடத்துக்கு ரத்தம் போகாதும்மா. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எந்த வழியாப் போகும்?" என்றார். முதலில் திறந்துவிட வேண்டும், மருந்து அதற்குப் பிறகுதான். சிகிச்சையைப் பற்றி எனக்குக் கிடைத்த விளக்கங்களில் இதைவிடத் தெளிவான ஒன்று இன்றுவரை இல்லை.

சீழில் கொஞ்சம் எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அனுப்பிய மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது: கிளெப்சியெல்லா என்கிற பாக்டீரியா. நான் விழுங்கிய மாத்திரைக்கு அது மசிகிற ரகமே இல்லை. அது கேட்கிற ஊசி மருந்துக்கு மாற்றிய பிறகுதான் காய்ச்சல் இறங்கியது. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். பால் கொடுக்கிறவர்களுக்கு ஏற்ற மருந்துதான், நிறுத்த வேண்டாம் என்றார்கள். வயிற்றின் மேல் கிடத்த முடியாததால் குழந்தையைப் பக்கவாட்டில், அக்குளுக்கு அடியில் கால் பின்னால் போகிற மாதிரி பிடித்துக்கொள்ள ஒரு நர்ஸ் சொல்லித் தந்தார். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை, இப்போதும் உறுத்துகிறது.

டிரெஸ்ஸிங்கைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. திறந்த காயத்தை உடனே மூடித் தைக்க மாட்டார்கள். உள்ளே கிருமி இருக்கும்போது மேலே மூடினால் மறுபடி சீழ்தான் கட்டும். சலைன் உப்புநீரால் கழுவி, ஈரமான காஸ் துணியைப் பள்ளத்துக்குள் தளர்வாக மடித்து வைப்பார்கள். திணிக்கக் கூடாது, திணித்தால் சதை வளர இடம் இருக்காது. ஓரத்தில் இருக்கிற சந்துக்குள்ளும் துணி போக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே மட்டும் சீழ் தங்கிவிடும். வைப்பதைவிட எடுப்பதுதான் கொடுமை. காய்ந்து ஒட்டிக்கொண்ட துணியை ஒருமுறை வெடுக்கென்று இழுத்துவிட்டார்கள், நான் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டுக் குழந்தைகள் விழித்திருக்கும். அதன் பிறகு இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். டிரெஸ்ஸிங்குக்கு அரை மணி முன்னால் வலி மாத்திரை வேண்டும். துணியைச் சலைனால் நனைத்து ஊறவைத்த பிறகுதான் எடுக்க வேண்டும். கேட்டால் செய்கிறார்கள். கேட்காவிட்டால் அவசரத்தில் மறந்துவிடுகிறது. முதல் வாரம் காலை, மாலை என இரண்டு முறை. அப்புறம் ஒரு முறை. மொத்தம் 23 நாள். வீட்டுக்கு அனுப்பும்போது கணவருக்கும் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். கை கழுவுவதற்கு மட்டும் 40 முதல் 60 விநாடி ஆக வேண்டும் என்று சொன்னதால், அவர் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு அறுபது வரை எண்ணுவார். எரிச்சலாகவும் இருக்கும், நிம்மதியாகவும் இருக்கும்.

நாள்தோறும் அந்த அறையில் படுத்துக்கிடந்தால் யாரைக் குற்றம் சொல்வது என்றுதான் மனம் அலையும். டிஸ்சார்ஜின்போது கிடைத்த கேஸ் ஷீட் நகலை வரி வரியாகப் படித்தேன். கத்தி வைத்த நேரம் 2.10. ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட நேரம் 2.25. பதினைந்து நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஊசியின் வேலையே, தோலை அறுக்கும்போது மருந்து ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான். ஒரு காலத்தில் மருந்து குழந்தைக்குப் போய்விடக் கூடாது என்று தொப்புள்கொடியைக் கட்டிய பிறகு போடுகிற வழக்கம் இருந்தது. அறுப்பதற்கு முன்பே போட்டால் தாய்க்குத் தொற்று குறைகிறது என்று தெரிந்த பிறகு, உலக சுகாதார நிறுவனம் அப்படித்தான் போடச் சொல்கிறது. ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்புக்கென்று நாள்கணக்கில் ஆன்டிபயாட்டிக்கை நீட்ட வேண்டாம் என்றும் சொல்கிறது. என் விஷயத்தில் ஊசி பிந்தியது, மாத்திரை நீண்டது, இரண்டும் தலைகீழ்.

காகிதத்தைச் சீனியர் சிஸ்டரிடம் நீட்டினேன். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கு ராத்திரி தியேட்டருக்கும் வார்டுக்கும் சேத்து ரெண்டே பேரு. ஊசி மருந்து ஸ்டோர்ல இருந்துச்சு. ஸ்டோர் சாவி கீழ்மாடில இருந்துச்சு. உன் குழந்தைக்குத் துடிப்பு கொறையுது. சாவிக்குக் காத்திருக்கிறதா, எடுக்கிறதா, நீயே சொல்லு."

நான் என்ன சொல்ல? எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்.

அதற்கப்புறம் அவர் எனக்கு ஒரு வாத்தியார் மாதிரி ஆகிவிட்டார். ஆட்டோகிளேவிலிருந்து வரும் மூட்டைகளில் கறுப்புக் கோடு விழுந்த டேப்பைக் காட்டி, "இது கோடு விழுந்தா மூட்ட சூடு பட்டிருக்குன்னுதான் அர்த்தம். உள்ள நடுத்துணி வரைக்கும் நீராவி போச்சான்னு இது சொல்லாது" என்றார். 121 டிகிரி நீராவி குறித்த நேரம் உள்ளே நிற்க வேண்டும். ஒரே இயந்திரத்தில் மூன்று ஆபரேஷன் துணியை இறுக்கி அடைத்தால் நடுவில் இருப்பது தப்பித்துவிடும். ஆபரேஷனுக்கு முன் எனக்கு ரேஸர் வைத்து மழித்தார்களே, அதையும் அவர்தான் சொன்னார். சுத்தம் என்று நினைத்துச் செய்வதுதான், ஆனால் ரேஸர் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், அவற்றில் கிருமி குடியேறும். முடியை அப்படியே விடலாம், அவசியமென்றால் கிளிப்பரால் கத்தரிக்கலாம், மழிக்கக் கூடாது. வார்டு வாசலில் தொங்கிய கைத்தூய்மைத் திரவ பாட்டில் நான் இருந்த நாட்களில் பாதி நாள் காலி. குழாயிலும் மதியத்துக்கு மேல் தண்ணீர் வராது.

1847-இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் பிரசவம் பார்க்கிற மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தபோது தாய்மார் சாவு மளமளவென்று இறங்கியது. பலர் அவரை நம்பவில்லை. இன்று நம்பாதவர் யாரும் இல்லை, குழாயில்தான் தண்ணீர் இல்லை. ஆப்பிரிக்காவில் சிசேரியன் செய்துகொள்ளும் பெண்களில் 20 சதவீதம் பேர் வரை காயத் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஐந்தில் ஒருத்தி. அந்த எண்ணைப் படித்தபோது, எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். உறவினர்களோ கேட்பதை நிறுத்தவில்லை. சீக்கிரம் எழுந்து நடந்ததால் வந்தது என்றார்கள். உடம்பு வாகு என்றார்கள். நடந்ததால் யாருக்கும் சீழ் பிடிப்பதில்லை. நடக்காமல் கிடந்தால்தான் காலில் ரத்தம் உறைகிற ஆபத்து.

டிரெஸ்ஸிங் தொடங்கிய பதினோராம் நாள் சிஸ்டர், "பாரு, பாரு" என்று குரலில் அத்தனை சந்தோஷத்தோடு கூப்பிட்டார். அதுவரை காயத்தை நான் பார்த்ததே இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் படுத்திருப்பேன். அன்று பார்த்தேன். சாம்பல் நிறம் போய், சிவப்பாகச் சின்னச் சின்ன மணிகளாகப் புதுச்சதை. 23-ஆம் நாள் மரத்துப்போகிற ஊசி போட்டு மூன்று தையலில் மூடினார்கள். தானாக மூடவும் விட்டிருக்கலாம், இன்னும் சில வாரம் பிடித்திருக்கும்.

மூன்று வருடம் கழித்து அதே தியேட்டரில் படுத்திருந்தேன். இந்த முறை நாள் குறித்த சிசேரியன், இரும்புச்சத்து ஏற்றி ஹீமோகுளோபினும் 11-ஐத் தாண்டியிருந்தது. கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் ஒரு நிமிடம் நின்றார்கள். ஒரு நர்ஸ் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைச் சத்தமாக வாசித்தார்: பெயர், என்ன ஆபரேஷன், ஆன்டிபயாட்டிக் போட்டாச்சா?

"போட்டு இருபது நிமிஷம் ஆச்சு" என்று நான் சொல்லிவிட்டேன். முகக்கவசத்துக்குள் யாரோ சிரித்தார்கள். மருந்து இப்போது தியேட்டர் அலமாரியிலேயே இருந்தது.

ஆறாம் நாள் காலையில் கணவரைக் கூப்பிட்டு, "கிட்ட வந்து மோந்து பாருங்க" என்றேன். குனிந்து பார்த்தார். குழந்தை சோப்பு வாசனைதான் வருகிறது என்றார்.