சும்மாடு

"ஏம்ப்பா, அந்த ஊர்ல கறிக்கடையே கிடையாதா?" என்று சித்தப்பா கேட்டார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாக, வெண்ணாற்றங்கரையில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அமெரிக்காவின் கொலராடோ மலையில் எடுத்த படங்களைக் கைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு நிற மேலங்கியும் அதே நிறத் தொப்பியுமாகப் பனியில் நான் நின்ற படத்தைப் பார்த்து, "காவி கட்டிட்டியோன்னு பயந்துட்டேன்" என்றார். அந்த மாநிலத்தில் துப்பாக்கிப் பருவத்தில் வேட்டைக்குப் போகிறவன் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலமாவது இப்படிக் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடுத்த வேண்டும் என்பது சட்டம் என்றும், மானின் கண்ணுக்கு இது பெரிதாகத் தெரியாது, மற்ற வேட்டைக்காரன் நம்மை மானென்று நினைத்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்றும் விளக்கினேன். நான்கு இரவு கூடாரத்தில் கிடந்து, ஒரு மானை வீழ்த்தி, அதன் கறியை முதுகில் சுமந்து இறங்கிய கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் அந்தக் கறிக்கடைக் கேள்வியைக் கேட்டார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "மெதுவா பேசு. மான் சுட்டேன்னு தெருவுல யார் காதுலயாவது விழுந்தா போலீஸ் வந்து நிக்கும்."

அம்மாவின் பயம் நியாயமானதுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பிறந்த எனக்கு, மான் என்றால் பள்ளிச் சுற்றுலாவில் கோடியக்கரையில் பேருந்து சன்னல் வழியாகக் கண்ட வெளிமான் மட்டுமே. வேட்டை என்றால் வரப்பில் மாலையில் எலிக்கிட்டி வைத்துவிட்டு விடியலில் எடுக்க வரும் கிட்டிக்காரரின் தொழில். எங்கே பயிர் சாய்வாகக் கடிபட்டிருக்கிறது, எந்த வளையின் வாயில் மண் புதிதாக இருக்கிறது என்று அவர் குனிந்து பார்ப்பதை வேட்டை என்று யாரும் மரியாதையாகச் சொன்னதுகூடக் கிடையாது.

அங்கேயோ அரசாங்கமே வேட்டையை நடத்துகிறது. 1949 ஜனவரி 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் பொதுவாக வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறாமல் உரிமம் வாங்க முடியாது. ஏப்ரலில் விண்ணப்பித்து, குலுக்கலில் பெயர் விழுந்தால், இன்ன பகுதியில், இன்ன நாட்களில், இன்ன பாலில் ஒன்று என்று உரிமம் வரும். எனக்கு விழுந்தது பெண் எல்க். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று சித்தப்பா கேட்டார். மான் இனத்தில் பெரியது என்பதால் 'பெருமான்' என்று சொல்லலாம். ஆனால் அதைச் சுட்டேன் என்று திருவையாற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வாய் வரவில்லை.

பதினோரு ஆண்டுகளில் நான் டென்வர்க்காரனாகிவிட்டேன் என்பது என் எண்ணம். பனியை வாரித் தள்ளத் தெரியும். கிரீன் கார்டு வந்துவிட்டது. அக்கம்பக்கத்தாரின் நாய்களின் பெயர்கள் அத்தனையும் தெரியும். மலைக்கு வா என்று அலுவலக நண்பர் அழைத்தபோது, அந்த ஊர்க்காரனாக ஆவதில் எஞ்சியிருந்த கடைசிப் படி இது என்று நினைத்து உடனே ஒப்புக்கொண்டேன். அவர் குறித்திருந்த இடத்தின் பெயர் ஃபிளாட் டாப்ஸ். தட்டை உச்சி என்று பெயரிலேயே இருக்கிறதே என்று நம்பினேன். பழைய எரிமலைக் குழம்பு பரந்து உறைந்த மேட்டு நிலம் அது; உச்சி தட்டைதான், ஆனால் அங்கே போய்ச் சேர ஏற வேண்டிய பக்கவாட்டைப் பற்றிப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். நாங்கள் கூடாரம் அடித்த இடம் 3,100 மீட்டர். நான் வளர்ந்த நாட்டில் மலை என்றால் சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, அறுபது படி. வருடத்துக்கு ஒரு படியாகப் பிரபவ, விபவ என்று எண்ணிக்கொண்டே ஏறிவிடலாம். ஃபிளாட் டாப்ஸில் அட்சய வருடத்தைத் தாண்டி, மறுபடியும் பிரபவவில் தொடங்கி எத்தனை சுற்று எண்ணினேன் என்பதை மூச்சிரைப்பில் மறந்துவிட்டேன்.

முதல் இரவே சோறு என்னைக் கைவிட்டது. நண்பர் வெந்நீர் ஊற்றினால் உணவாகும் பொட்டலங்களைக் கொண்டுவந்திருந்தார். நான் இரண்டு கிலோ பொன்னி அரிசியும் அம்மா கொடுத்தனுப்பியிருந்த புளிக்காய்ச்சலும் சுமந்து வந்திருந்தேன். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 90 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. இந்தப் பாடத்தை எட்டாம் வகுப்பில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். குக்கர் கனம் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பானை பொங்கியது, அதுவும் சீக்கிரமே பொங்கியது; அரிசி மட்டும் வேகவில்லை. எரிவாயு உருளையில் பாதி தீரும்வரை கிளறி, நடுவில் வெள்ளைப் பொட்டு மாறாத அரிசியைப் புளிக்காய்ச்சலில் பிசைந்து மென்றேன். சோழவளநாடு சோறுடைத்து என்று ஔவையார் பாடியது சமவெளியை மனத்தில் வைத்துத்தான். சாப்பிட்டு முடித்ததும், பெருங்காய வாசனைக்குக் கரடி வரும் என்று சொல்லி நண்பர் அந்தப் புளிக்காய்ச்சல் புட்டியைக் கூடாரத்திலிருந்து நூறு அடி தள்ளி, ஒரு மரக்கிளையில் கயிறு கட்டித் தூக்கினார். அம்மா கைப்பட்ட சாமான் ஒன்றைத் தூக்கிலிட்டதுபோல இருந்தது.

பருத்திதான் உடம்புக்கு உத்தமம் என்று வளர்ந்த எனக்கு, வியர்வையில் நனைந்த பருத்திப் பனியன் மலைக்குளிரில் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அதுகூடப் போகட்டும். காற்றை நான் தெரிந்திருக்க வேண்டும். எல்க் கண்ணைவிட மூக்கை நம்பும் விலங்கு. விடியலில் குளிர்ந்த கனத்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும். வெயில் ஏறியதும் அதே காற்று திரும்பி மேல்நோக்கிப் போகும். காற்றின் திசை பார்க்க நண்பர் ஒரு குப்பியிலிருந்து பொடியைப் பீய்ச்சினார். நான் சட்டைப்பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகையை ஊதினேன், அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இரண்டாம் நாள், கீழிருந்து ஒரு கூட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது மணி பத்தானதைக் கவனிக்காமல் விட்டோம். காற்று எங்கள் முதுகைத் தொட்டது; பதினைந்து எல்க்குகளும் ஒரே நேரத்தில் தலை தூக்கின; அவ்வளவுதான். அறுவடை எந்திரம் வருவதற்கு முன்பு, களத்தில் முறத்தோடு நின்ற பெண்கள் தூற்றுவதை நிறுத்திவிட்டு, பேசிக்கொண்டே காற்றுக்காகக் காத்திருப்பதைப் பார்த்தவன் நான். கன்னத்தில் படும் ஈரத்தை வைத்தே அவர்களுக்குத் தெரிந்தது எனக்கு விபூதி ஊதியும் தெரியவில்லை.

நான்காம் நாள் காலையில் கிடைத்தது. நூற்றைம்பது கெஜத்தில், பக்கவாட்டில் நின்ற விலங்கின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே ஒரே குண்டு. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. கைநடுக்கம் நிற்க நெடுநேரம் ஆயிற்று. உரிமச்சீட்டில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டபோது பேனா மை உறைந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்கியது. அடர்ந்த தோலுக்குள் அடைபட்ட சூடு கறியைக் கெடுத்துவிடும், முதலில் கெடுவது தொடை எலும்பை ஒட்டிய சதை என்று நண்பர் அவசரப்படுத்தினார். குளிரில் என்ன கெடும் என்று நினைத்து, தோலுரித்த தொடைக்குள் விரல்களை நுழைத்துப் பார்த்தேன். அடுப்பில் வைத்ததுபோல் சுட்டது. ஐப்பசி அடைமழையில் நனைந்த குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவித்து வைத்துக்கொண்டு, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டுக் காத்திருந்த இரவுகளில், அப்பா அம்பாரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டு உள்சூட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையை எடுப்பார். மலையில் அதுவும் ஐப்பசிதான். நானும் ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்தேன்.

எலும்பு நீக்கிய பிறகு ஏறத்தாழ 70 கிலோ கறி, காற்றுப் புகும் துணிப்பைகளில். உண்ணத்தக்க கறியைக் காட்டில் விட்டு வந்தால் குற்றம். வண்டி நின்ற இடம் ஆறு கிலோமீட்டர். 1975இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்தில் எந்திரம் மட்டுமல்ல, சக்கரம் வைத்த எதுவும் நுழையக்கூடாது, தள்ளுவண்டிக்கும் தடை. குதிரை போகலாம், எங்களிடம் குதிரை இல்லை. ஆக, முதுகு. ஆளுக்கு இரண்டு நடை. என் முதல் நடைக்குச் சுமார் 20 கிலோ.

20 கிலோ என்ன சுமையா என்று இந்த ஊரில் யாரும் கேட்பார்கள். தனியார் வியாபாரியின் நெல்மூட்டை 60 கிலோ. கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40. எங்கள் களத்திலிருந்து அவற்றை ஒருவர் சும்மாடு கட்டிய தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பில் கால் விரல்களை ஊன்றி ஊன்றி, ரோட்டில் நிற்கும் லாரிவரை கொண்டுபோவார். எனக்கு அப்போது பத்து வயது; களத்து மேட்டில் உட்கார்ந்து மூட்டைக் கணக்கு எழுதுவது என் வேலை. நான்கு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பேன். ஒரு மூட்டையின் எடை என்பது எனக்கு அந்த ஒரு கோட்டின் எடைதான். அவர் வழியில் எங்கேயும் மூட்டையை இறக்கி நான் பார்த்ததில்லை. திமிர் பிடித்த மனுஷன், நின்று பேசக்கூட மாட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது கிலோமீட்டரில் நான் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. நண்பர் இரு கைகளையும் பிடித்து இழுத்து நிமிர்த்திவிட்டார். அதற்குள் தொடை இரண்டும் கட்டையாகியிருந்தன. சுமப்பதைவிடத் தூக்குவது கடினம், இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும் என்ற சிறிய கணக்கு, முப்பது ஆண்டு தாமதமாக, கடல் கடந்து, என் முழங்காலுக்குப் புரிந்தது. அதன் பிறகு உட்காரவில்லை. அந்தப் பகுதியின் ஸ்புரூஸ் காடுகளை 1940களில் பட்டைவண்டு பேரளவில் அழித்தது என்பார்கள். பட்டுப்போன மரங்கள் இன்றும் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடக்கின்றன. அவற்றில் இடுப்புக்கு மேலே உயர்ந்து கிடந்த ஒன்றில் முதுகுச் சுமையை மட்டும் சாய்த்து, நின்றபடியே மூச்சு வாங்கினேன். "சுமைதாங்கி" என்று வாய்விட்டுச் சொன்னேன். நண்பர் என்னவென்று கேட்டார். சுமையோடு நடப்பவர் யார் துணையும் இன்றி இறக்கி ஏற்றுவதற்காக வழியோரம் தோள் உயரத்துக்கு நட்டு வைக்கும் கல் என்று சொல்லி, அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மீதியை அம்மாவிடம் சொல்ல வேண்டியதில்லை. திண்ணையில் நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு நிலைப்படிக்கு வந்து நின்றார். எங்கள் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் நிற்கும் சுமைதாங்கி, பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன ஒரு பெண்ணுக்காக வைத்தது.

"ஆணா, பொட்டையா?" என்றார் அம்மா.

"பொட்டைதான்."

"சினையா இருந்துதா?"

செப்டம்பரில்தான் இணை சேரும், ஐப்பசியில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது என்றேன். மந்தையின் அளவைக் கட்டுக்குள் வைக்கவே பெண் விலங்குக்கும் உரிமம் தருகிறார்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த சரியான விடை ஒன்று என்னிடம் இருந்தது. டென்வரில் பல பேரிடம் சொல்லியுமிருக்கிறேன். திண்ணையில் அது வாய்க்கு வரவில்லை. அம்மா கோலம் போட வாசலுக்கு இறங்கிவிட்டார்.

பொங்கலன்று காலையில் மூட்டைக்காரர் வந்தார். இப்போது சுமக்கப் போவதில்லை. மகன் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் தூக்குகிறான். சிறு வயதில் வீட்டார் கூப்பிடுவதைக் கேட்டு, என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவரை நானும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அன்று "வாங்கண்ணே" என்று வந்தது. அவர் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ வருகிறார்களோ என்று.

ஊருக்குத் துணிமணி கொண்டுவந்ததும் அந்த மலைப் பைதான். கதையைக் கேட்டுவிட்டு அதைத் தூக்கிப் பார்த்தார். அதன் சட்டகத்தை இழுத்துப் பார்த்தார். இடுப்புப் பட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"கிலோவுக்கு என்ன கூலி தம்பி?"

"கூலி இல்லண்ணே. நான்தான் பணம் கட்டிப் போனேன்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "எங்க வலிச்சுது?" என்று கேட்டார். இடுப்பெலும்புக்கு மேலே, பட்டை உராய்ந்த தழும்பைச் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். தோளிலிருந்த துண்டை எடுத்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முறுக்கு முறுக்கி, பட்டைக்கும் என் இடுப்புக்கும் நடுவே வைத்து அழுத்திப் பிடித்தார்.

"இப்ப கட்டுங்க" என்றார்.