பழைய பிக்கப்பின் முன் ஆர்ம் வேலை: புஷ்ஷைக் கொன்றது ரப்பர் இல்லை, முறுக்கிய விதம்

சென்னை காசிமேட்டில் மீன் லோடு ஏற்றுகிற வண்டிக்குப் பெரிய வேலை வைக்க வேண்டுமென்றால் தடைக்காலம்தான் சரியான நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வண்டியும் பாதி நாள் சும்மாதான் நிற்கும். ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த முன்பக்க ஆர்ம் (சக்கரத்தை சேசிஸோடு பிடித்து, ஏறி இறங்க விடும் கை) வேலையை இந்த முறை எடுத்துவிட்டேன். வண்டி 2009 மாடல் டீசல் பிக்கப். முன்னால் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு ஆர்ம்; ஸ்பிரிங்குக்குப் பதில் முறுகி எடை தாங்கும் டார்ஷன் பார் கம்பி. பின்னால் வழக்கமான பட்டை ஸ்பிரிங்.

கோளாறு என்னவென்றால், பிரேக் அடித்தால் இடது பக்கம் இழுக்கும், பள்ளத்தில் இறங்கினால் டொக்கென்று ஒரு சத்தம், முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் வழுக்கை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்தே தோள் வலி வந்துவிட்டது. அலைன்மென்ட் பார்த்தால் கொஞ்ச நாள் தாங்கும், மறுபடியும் பழைய கதை. ஆர்ம் சேசிஸோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ் ஆடும்போது அலைன்மென்ட் எப்படி நிற்கும்?

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், இந்த புஷ் எல்லாம் ஒரு பட்டறையில் ஏற்கெனவே மாற்றியதுதான். வருஷம் திரும்புவதற்குள் கிழிந்துவிட்டது. டூப்ளிகேட் ரப்பர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதனால் இந்த முறை மெக்கானிக் வேலை தெரிந்த மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே கழற்றினேன்.

டார்ஷன் பார் வண்டியில் ஸ்பானர் எடுப்பதற்கு முன் டேப்பை எடுக்க வேண்டும். வண்டி சமதரையில் நிற்கும்போது வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொண்டேன். பாரை முறுக்கி வைத்திருக்கும் அட்ஜஸ்டர் போல்ட்டில் எவ்வளவு மரை வெளியே தெரிகிறது என்பதையும் ஸ்கேலில் அளந்தேன். பார் எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று பெயின்ட் கோடு போட்டாயிற்று. இடது பார், வலது பார் ஒன்றுக்கொன்று மாறக்கூடாது. அப்புறம் சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் தொங்கும்போதுதான் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். பாரில் முறுக்கு இருக்கும்போது ஆர்மில் கை வைத்தால் கை இருக்காது, இதில் மட்டும் அவசரம் ஆகாது. பிரேக் கேலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கவிடாதீர்கள்.

ஆர்மின் நுனியைச் சக்கரம் தாங்கும் நக்கிளோடு சேர்க்கும் பால் ஜாயிண்ட் பயந்த அளவுக்குப் படுத்தவில்லை. நட்டை முழுசாகக் கழற்றாமல் இரண்டு மூன்று மரையில் விட்டு, நக்கிள் காதின் பக்கவாட்டில் சம்மட்டியால் ஓங்கி இரண்டு போடு போட்டால் ஓட்டையில் இறுகியிருக்கும் கூம்பு (டேப்பர்) தானாக விட்டுவிடும். போல்ட் தலையில் மட்டும் அடிக்கக் கூடாது.

உயிரை எடுத்தது லோயர் ஆர்ம் போல்ட். மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணி, கூடவே கடல் காற்று. போல்ட்டும் புஷ்ஷின் உள் குழாயும் துருவில் ஒன்றாகிவிட்டன. ஸ்பானர் போட்டால் போல்ட் சுற்றும், கூடவே குழாயும் சுற்றும், வெளியே மட்டும் வராது. டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்தும் அசையவில்லை. கடைசியில் புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் பிளேடை விட்டு அறுத்தோம். எப்படியும் தூக்கிப் போடுகிற புஷ், அறுத்தால் நஷ்டமில்லை. ஆனால் புது போல்ட் வாங்கும்போது பழசின் தலையில் என்ன எண் அடித்திருக்கிறது என்று பாருங்கள். அது போல்ட்டின் வலிமையைச் சொல்லும் எண்; என்னுடையதில் 10.9 இருந்தது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாதா போல்ட்டை அங்கே போடக்கூடாது.

அப்பர் ஆர்ம் சுலபம். அதன் ஷாஃப்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஷிம் தகடுகள் இருக்கும், கேம்பர், காஸ்டர் என்ற சக்கரத்தின் சாய்வுக் கோணங்கள் இரண்டும் அதில்தான் நிற்கிறது. எந்த போல்ட்டில் எத்தனை தகடு இருந்ததோ அதைத் தனித்தனியாகக் கம்பியில் கோத்து, முன், பின் என்று எழுதி வைத்தோம்.

பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் ஆர்ம் அப்படியே செட்டாகக் கிடைக்கும், எதற்கு இந்தப் பாடு என்று மச்சான் கேட்டான். எனக்கு மனசு வரவில்லை. பழைய ஆர்ம் எந்த விபத்து வண்டியிலிருந்து வந்ததோ, லேசாக வளைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. என் ஆர்மையே வயர் பிரஷ்ஷால் தேய்த்து, வெல்டிங் ஓரமெல்லாம் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரெட் ஆக்சைடு அடித்தேன்.

பழைய புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ரப்பர் தேயவே இல்லை. உள் குழாயை விட்டு உரிந்திருந்தது, எல்லாக் கீறலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து. இந்த வகை புஷ் பேரிங் போலச் சுற்றாது. போல்ட்டை முறுக்கியதும் உள் குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிடும், ஆர்ம் ஏறி இறங்கும்போது நடுவிலிருக்கும் ரப்பர்தான் முறுகி முறுகிக் கொடுக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஆர்ம் கீழே தொங்கும்போதே முழுசாக முறுக்கிவிட்டால், வண்டி தரைக்கு வந்த நிமிஷத்திலிருந்தே ரப்பர் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுகியபடி நிற்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பள்ளமும் அதை இன்னும் கொஞ்சம் பிழியும். அந்தப் பட்டறையில் நடந்தது இதுதான். ரப்பர் மேல் பழி போட்டதுதான் மிச்சம்.

தண்டையார்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பிரஸ் வைத்து புஷ் ஏற்றினோம். அங்கிருந்த பெரியவர் வேலைக்காரர். ஆர்மின் இரண்டு காதுக்கும் நடுவில் அளவாக ஒரு பைப்பை வெட்டி முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அமுக்கினார், இல்லையென்றால் காது உள்ளே மடங்கிவிடுமாம். “வெளி ஓட்டுலதான் அமுக்கணும் தம்பி, நடுவுல அமுக்குனா புது புஷ்ஷு இங்கயே கிழிஞ்சிரும்பா” என்றார். நான் கிரீஸ் டப்பாவைத் திறந்ததும் அதைத் தள்ளி வைத்துவிட்டு சோப்புத் தண்ணி கேட்டார். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும் என்பது அவருக்கு அத்துப்படி.

மாட்டும்போது ஆர்ம் போல்ட்டுகளைக் கையால் இறுக்கி விட்டுவிட்டோம். பால் ஜாயிண்ட் நட்டை மட்டும் முழுசாக முறுக்கி ஸ்பிளிட் பின் போட்டோம். ஸ்பிளிட் பின் போகிற ஓட்டை நேராக வரவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள், திருப்பித் தளர்த்தாதீர்கள். அட்ஜஸ்டரை எழுதி வைத்த அளவுக்குக் கொண்டுவந்து, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, பானெட்டை அமுக்கி அமுக்கி விட்டோம். இறக்கினவுடனே அளந்தால் டயர் உள்பக்கம் ஒடுங்கியபடியே நிற்கும், உயரம் தப்பாகக் காட்டும். உயரம் சரியானதும் நான்கு சக்கரத்துக்கும் கீழே பலகை கொடுத்து, வண்டி தன் எடையில் நிற்கும்போதே அடியில் படுத்து, ஆர்ம் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சில் முறுக்கினேன். முதுகுக்குக் கீழே சாக்கு, முகத்தில் துரு, மச்சான் டார்ச் பிடித்துக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தான்.

அலைன்மென்ட்டில் டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும்தான் திருத்த வேண்டியிருந்தது. இழுப்பு நின்றுவிட்டது. டொக் சத்தம் முக்கால்வாசி போய்விட்டது, மீதி, வண்டி பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க்கிலிருந்து வருகிறது. அது சின்ன வேலை, படகு இறங்குவதற்குள் முடித்துவிடலாம்.