வலது பக்கம் 30 மில்லி

பாப்பாவுக்கு மூணரை மாசம். நேத்து பம்ப் வச்சுத் தாய்ப்பால் எடுத்துப் பார்த்தேன். இடது 90 மில்லி, வலது முக்கி முக்கி 30. நைட்டிகூட ஒரு பக்கம்தான் நனையுது. "சுறாப்புட்டு சாப்பிடுடி"ன்னு அம்மா. ஏம்மா, சுறா வலதுக்கு மட்டும் வழி தெரிஞ்சு போகுமா?

14 வாரத் தடுப்பூசிக்குப் போனப்ப நர்ஸக்கா சொன்னாங்க: ரெண்டுக்கும் தனித்தனிக் கணக்காம். எது காலியாகுதோ அதுல சுரக்கும், தேங்கி நின்னா குறையும். அப்போ தப்பு என்மேலதான். பிள்ளையை இடது கையில ஏந்தினாத்தானே வலது கை மொபைலுக்குக் கிடைக்கும்!

இப்ப பசிக்கு முதல்ல வலது. மேடம் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிறா. அரைத்தூக்கத்துல கொடுத்தா மட்டும் ஏமாந்து குடிக்கிறா. எடை நல்லாத்தான் ஏறுது. டெய்லரக்காகிட்ட ஜாக்கெட் அளவு கொடுக்கத்தான் யோசனையா இருக்கு.