பத்தமடைப் பாய்க் கடையின் இணையதளத்தைப் போனுக்கு மாற்றிய அனுபவம்

பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் ஒரு கடைக்குப் பழைய இணையதளம் இருந்தது. கம்ப்யூட்டரில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. போனில் திறந்தால் மொத்தப் பக்கமும் சுருங்கி, எழுத்தெல்லாம் எறும்பு வரிசை மாதிரி தெரியும். "ஒண்ணும் படிக்க முடியலன்னு எனக்கே போன் பண்ணி விலை கேக்காவ, தம்பி" என்றார் கடையை நடத்தும் அக்கா. புதிதாகக் கட்ட வேண்டாம், இருப்பதையே மாற்றலாம் என்று முடிவு செய்தோம். படங்களும் விவரங்களும் நன்றாகவே இருந்தன. அவற்றைத் தூக்கிப் போட எனக்கு மனமில்லை.

தொடக்கம் எளிது. திரையின் அகலத்துக்கே பக்கத்தைக் காட்டு என்று பிரவுசருக்குச் சொல்லும் வரிதான் வியூபோர்ட் மெட்டா டேக். அது இல்லாத பக்கத்தைப் போன் பிரவுசர்கள் பொதுவாக 980 பிக்சல் அகலம் என்று எடுத்துக்கொண்டு திரைக்குள் சுருக்கிவிடும். அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் எழுத்து படிக்கும் அளவுக்கு வந்தது. ஆனால் வெளிப்பெட்டியின் அகலம் 960 பிக்சல் என்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) இறுக்கி வைத்திருந்ததால் பக்கம் வலது பக்கம் வழிந்தது. அதை மேக்ஸ்-விட்த், அதாவது அதிகபட்ச அகலம், ஆக்கினேன்; திரை சிறிதானால் பெட்டியும் சுருங்கும். ஃப்ளோட் என்ற பழைய முறையில் அருகருகே நின்ற பத்திகளை (நெடுவரிசைகளை) கிரிட் என்ற கட்ட முறைக்குக் கொண்டுவந்தேன். போனுக்கு ஒரே பத்தி, அகலமான திரைக்கு மட்டும் மீடியா குவரி (திரை அகலத்தைப் பார்த்து விதியை மாற்றுவது) வழியாக இரண்டு. எந்தத் திரைக்கும் பக்கம் பொருந்தும் இந்த முறைக்கு 2010இல் வெப் டிசைனர் ஈத்தன் மார்காட் ரெஸ்பான்சிவ் டிசைன் என்று பெயர் வைத்தபோது சொன்ன நெகிழும் கட்டம், நெகிழும் படம், மீடியா குவரி மூன்றும் இன்றைக்கும் அடிப்படைதான்.

கல்யாணப் பாயில்தான் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவது பத்தமடையின் தனிச்சிறப்பு. நீளமான பாயின் படத்தைச் சதுரப் பெட்டிக்குள் அடைக்க ஆப்ஜெக்ட்-ஃபிட் என்ற சிஎஸ்எஸ் விதியில் கவர் (பெட்டியை நிரப்பி மிச்சத்தை வெட்டுவது) கொடுத்தால், ஓரத்தில் இருக்கும் பெயர் வெட்டுப்பட்டுப் போகும். வாங்குகிறவர் முதலில் தேடுவதே அந்தப் பெயரைத்தான். அதனால் பாய் முழுதும் தெரிய ஒரு படம், பெயர் நெய்த இடத்தை நெருங்கி எடுத்த இன்னொரு படம் என்று வைத்தோம். திரைக்கு ஏற்ற படத்தைத் தேர்ந்து காட்டும் பிக்சர் டேக்கில் போனுக்கு நெருக்கப் படம் முதலில் வரும். கேமராவிலிருந்து அப்படியே ஏற்றியிருந்த படங்களைச் சுருக்கி, கோப்பின் அளவு குறைவாக இருக்கும் வெப்-பி வடிவத்துக்கு மாற்றியது, சிக்னல் குறைந்த ஊர்களில் திறப்பவர்களுக்காக.

விலைப்பட்டியலில் அளவு, கவுண்ட் (நெசவின் நெருக்கம்), நிறம், பெயர் நெய்ய ஆகும் நாள், விலை, கூரியர் என ஆறு பத்தி. பட்டியலை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தும்படி விடுவது சுலபம். ஆனால் விலை திரைக்கு வெளியே போய்விடும். அதனால் சின்னத் திரையில் ஒவ்வொரு வரிசையையும் தனி அட்டையாக்கினேன். அளவும் விலையும் மேலே, மற்றவை கீழே.

தமிழ் எழுத்துக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டும், இதை அழுத்திச் சொல்கிறேன். ஆங்கில மெனுவில் ஒரு வரிக்குள் அடங்குவது தமிழில் இரண்டு வரிக்குப் போகும். பட்டனுக்கு அகலத்தையோ உயரத்தையோ இறுக்கி வைக்கவே கூடாது. கீ, கூ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் இடம் கேட்பதால் வரி உயரத்தை எழுத்தளவின் 1.7 மடங்கு ஆக்கினேன். நீண்ட சொல் பெட்டியைத் தாண்டினால் ஓவர்ஃப்ளோ-ராப் என்ற சிஎஸ்எஸ் விதி அதை நடுவில் உடைக்கும். ஆனால் தலைப்பில் சொல் உடைந்தால் படிக்கவே பிடிக்காது, அங்கே எழுத்தைச் சிறிதாக்குவதே மேல்.

கம்ப்யூட்டரிலேயே போன் திரை மாதிரி காட்டும் குரோமின் டிவைஸ் மோடில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. அப்புறம் அக்காவின் பழைய ஆண்ட்ராய்டு போனில் பார்த்தோம். அவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார், மெனு அதற்கும் தாக்குப்பிடித்தது. போன் எண்ணை மட்டும் தொட்டதும் அழைக்கும் இணைப்பாக்கி, விரலுக்கு வசதியாக 48 பிக்சல் உயரம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். ஆர்டர் படிவத்தில் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால், பெட்டியைத் தொட்டதும் ஐபோன் பக்கத்தையே பெரிதாக்கிவிடும். அதையும் மாற்றிய பிறகு பழைய பக்கங்களை எடுத்துவிட்டு இதை ஏற்றினோம்.