மேடையில் அவள் என்ன பாடுகிறாள்: லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

லண்டனுக்குக் குடிவந்து வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி என்று ஓரளவு நிலைப்பட்டதும், என்றாவது ஒரு சனிக்கிழமை, நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்டில் ‘மியூசிக்கல்’ என்னும் பாட்டு நாடகம் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். டிக்கெட் விலையைப் பார்ப்போம், சுவரொட்டியைப் பார்ப்போம். அந்த நாடகம் பெண்களை எங்கே நிறுத்தியிருக்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களாவது விசாரிக்க வேண்டும்.

அதற்கு முதலில் காது பழக வேண்டும். நம் சினிமாவில் பாட்டு வந்தால் பெரும்பாலும் கதை ஓரமாக ஒதுங்கி நிற்கும். இங்கே பாட்டுக்குள்தான் கதை நகரும். தொடங்கிச் சிறிது நேரத்திலேயே முக்கியப் பாத்திரம் தனக்கு என்ன வேண்டும் என்று பாடிவிடும். தொழிலில் இருப்பவர்கள் அதை ‘ஐ வான்ட்’ பாட்டு என்பார்கள். அந்தப் பாட்டு யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது? பெண்ணுக்கென்றால், அவள் கேட்பது ஒரு ஆணையா, வேறு எதையாவதா? இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பாட்டு யாருடையது? இந்த மூன்றையும் கவனித்தாலே பாதி விளங்கிவிடும். ஆகவே நேரத்துக்குப் போய்விடுங்கள். 7:30 என்று போட்டிருந்தால் 7:30க்கே திரை எழும். பிந்தி வருபவர்களைத் தோதான இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்திவைப்பார்கள். அதற்குள் அந்த முதல் பாட்டு போய்விடும்.

‘லே மிசராப்ள்’ 1985 முதல் லண்டனில் ஓடுகிறது. இசை நெஞ்சைப் பிழியும். ஆனால் ஏழைத் தாய் ஃபான்டீன் முதல் பாதியிலேயே இறந்துபோகிறாள். எபோனின் என்ற பெண் தன்னைக் காதலிக்காத ஒருவனுக்காக உருகிப் பாடிவிட்டு இரண்டாம் பாதியில் சாகிறாள். பெண்களுக்கு உருக்கமான பாட்டுகளைக் கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையை ஆண்களிடமே வைத்துக்கொண்ட நாடகம் அது. 1989இல் வந்த ‘மிஸ் சைகோன்’ இன்னும் கடுமை: பதினேழு வயது வியட்நாமியப் பெண் கிம், தன் மகன் அமெரிக்கா போக வேண்டும் என்பதற்காகத் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். 2023இல் ஷெஃபீல்டில் மறுபடி மேடையேறியபோது, ஆண்களே நடித்துவந்த தரகர் வேடத்தை ஜோனா ஆம்பில் ஏற்றார். முன்பு கிம்மாக நடித்தவர் அவர். நல்ல முயற்சிதான். ஆனால் ஆசியத் தாய் செத்தால்தான் பிள்ளைக்கு விடிவு என்ற எண்ணம் அந்தக் கதையின் அஸ்திவாரத்திலேயே கிடக்கிறது. வேடம் போடும் ஆளை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

நம் பக்கத்துக் கணக்கும் உண்டு. ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002 முதல் 2004 வரை அப்போலோ விக்டோரியா அரங்கில் ஓடியது. ‘முதல்வன்’ படத்து ‘ஷக்கலக்க பேபி’க்கு மேடையிலேயே நீரூற்றுப் பீய்ச்ச ஆடினார்கள். நம் சினிமாவிலிருந்து லண்டன் மேடைக்குக் கொண்டுவந்த சாமான்களில் நனைந்த உடை நாயகியும் இருந்தாள் என்பது வருத்தமான உண்மை. அதே அரங்கில் 2006 முதல் ‘விக்கிட்’ நடக்கிறது. இதில் முதல் பாதியை முடித்துவைப்பவள் பச்சை நிறச் சூனியக்காரி எல்ஃபபா. நெஞ்சுக்குரலையே உச்சத்துக்குத் தூக்கிப் பாடும் ‘பெல்ட்’ முறை அவளுக்கு, சோப்ரானோ எனப்படும் மெல்லிய உச்சக்குரல் அவள் தோழி கிளிண்டாவுக்கு. நாடகத்தின் பெரிய பிரிவுப் பாட்டை இந்த இரண்டு தோழிகளும் ஒருவருக்கொருவர் பாடிக்கொள்கிறார்கள்.

ஒன்றே ஒன்று பார்க்கத்தான் வசதி என்றால் ‘சிக்ஸ்’ பாருங்கள். இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரும் மைக் பிடித்துக் கச்சேரி செய்கிறார்கள். ஹென்றி மேடைக்கே வருவதில்லை. வாத்தியம் வாசிக்கும் நால்வரும் பெண்கள். சுமார் 80 நிமிடம், இடைவேளை கிடையாது. பிள்ளைகளைக் கழிப்பறைக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். ஸ்ட்ராண்டில் வோட்வில் அரங்கில் நடக்கிறது. வெம்பிளி, ஹாரோ பக்கத்தவர்கள் பேக்கர்லூ ரயிலில் ஏறினால் மாறாமல் சேரிங் கிராஸில் இறங்கி நடக்கலாம்.

அதில் ஐந்தாவது மனைவி கேத்தரின் ஹவர்டின் பாட்டை மட்டும் உற்றுக் கேளுங்கள். துள்ளலான பாப் மெட்டில், குறும்பும் கொஞ்சலுமாகத் தொடங்கும். முதல் சரணத்தில் சிறுமிக்கு இசை கற்பிக்க வந்த ஆசிரியர், அடுத்ததில் இன்னொருவன், பிறகு அரசன், கடைசியில் நான்காவது ஆள். ஒவ்வொருவனுக்குப் பிறகும் அதே பல்லவி திரும்பி வருகிறது. மற்ற ராணிகளின் கைகள் அவள் உடம்பைத் தொடுவது சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகும். கடைசிச் சுற்றில் அதே மெட்டு, குரல் மட்டும் உடைந்திருக்கும். முதல் பல்லவிக்குச் சிரித்த கூட்டம் அப்போது சிரிக்காது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு போவதென்றால், முன்கூட்டியே அந்தப் பாட்டைக் கேட்டு, என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் வேகமாகப் போகிறதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி. பல நாடகங்கள் குறிப்பிட்ட சில நாள்களில் ‘கேப்ஷன்’ காட்சி வைக்கும். வசனமும் பாட்டும் மேடையோரத் திரையில் எழுத்தாக ஓடும். டிக்கெட் எடுக்கும்போதே எந்த இருக்கையிலிருந்து அந்தத் திரை தெரியும் என்று கேளுங்கள். கேட்காமல் எடுத்தால் தூணோ மேல்மாடத்தின் விளிம்போ மறைத்துவிடும். லெஸ்டர் ஸ்கொயர் டிகேடிஎஸ் கூடத்தில் மலிவாகக் கிடைக்கும் சீட்டுகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

பாத்திரம் ஆணா பெண்ணா என்பதையே மாற்றிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்திரீபார்ட் போட்டு வளர்ந்த சிவாஜியைத் தெரிந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் இயக்குநர் மாரியான் எலியட் 2018இல் செய்தது வேறு. 1970இல் வந்த ‘கம்பெனி’ என்ற மியூசிக்கலில் பாபி, நண்பர்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு நச்சரிக்கும் 35 வயது ஆண். எலியட் அவனைப் பெண்ணாக்கினார். அதன் இசையையும் பாட்டுகளையும் எழுதிய சோண்ட்ஹைம் அதற்குச் சம்மதித்து வரிகளையும் திருத்திக் கொடுத்தார். மூன்று காதலிகள் மூன்று காதலர்களானார்கள். மணநாளன்று பதறும் மணப்பெண் ஏமி, ஓர் ஆணை மணக்கப்போகும் ஜேமி ஆனார். கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்க, கேள்வியின் எடை மாறிவிட்டது. முப்பத்தைந்தில் ஆணிடம் ‘எப்பப்பா கல்யாணம்’ என்றால் கேலி. அதே கேள்வியைப் பெண்ணிடம் கேட்டால் அதற்குள் குழந்தைக் கணக்கும் இருக்கிறது. அந்தத் தயாரிப்பில் ஒரு கனவுக்காட்சி வரும்: கடிகார ஓசைக்கு இடையே பாபியைப் போலவே பல பெண்கள், வயிறு பெருத்தும் குழந்தையைச் சுமந்தும் அவளைச் சுற்றி வருவார்கள்.