நான் வாசி அல்ல, வாரிஸ்

அப்பா காலமாகி ஏழு மாதம் கழித்துத்தான் பட்டர்வொர்த் வீட்டின் பெயர் மாற்றத்துக்குக் கிளம்பினேன். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வீட்டுக் கிராண்ட் என்னும் உரிமைப் பத்திரம், பிள்ளைகள் நால்வரின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் கோப்பில் இருந்தன. ஐந்தாம் படிவம் வரை மலாயில் படித்தவனை மொழி தடுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

சிறு சொத்துப் பிரிவின் முகப்பிடத்தில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “சியாப்பா வாசி?”, அதாவது ‘வாசி யார்?’ என்றார். வாரிஸ் என்றுதான் என் காதில் விழுந்தது. மூத்த மகன் நான்தானே! “சாயா”, நான்தான் என்றேன். கோப்பை என் பக்கம் தள்ளி, “இது உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது” என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழைத்துவிட்டார்.

மறுநாள் விடுப்பு எடுத்து, ஃபெரி ஏறி, லைட் ஸ்திரீட்டுக்குப் போனேன். நீதிமன்ற வாசலில் வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர், வயதானவர், என் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

“தம்பி, அப்பா உயில் எழுதி வைத்தாரா?”

“இல்லை ஐயா.”

“பிறகு நீ எப்படி வாசி ஆவாய்? உயிலை நிறைவேற்றும் பொறுப்பு யாருக்கோ அவர்தான் வாசி. நீ வாரிஸ். நாம் வாரிசு என்கிறோமே, அதே சொல்தான்.”

உயில் இருந்தால் நீதிமன்றம். உயில் இல்லாமல், வீடோ நிலமோ உள்ளிட்ட மொத்தச் சொத்து 5 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால் சிறு சொத்துப் பிரிவிலேயே முடித்துக்கொள்ளலாம். 2024 ஜூலைக்கு முன்பு இந்த வரம்பு 2 மில்லியன்தான். உயில் உண்டா என்று அந்த முகப்பிடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஒரு நாள் மிஞ்சியிருக்கும். இன்னும் ஆறவில்லை. புரியாத சொல் வந்தால் தலையாட்டாதீர்கள், “ஆப்பா மக்சுட்?”, என்ன அர்த்தம் என்று கேளுங்கள், பின்னால் எத்தனை பேர் நின்றாலும்.

கிராண்டில் அப்பா பெயரின் நடுவே ஓர் ‘எம்’ கூடுதலாக இருந்ததால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியப் பிரமாணமும் செய்தோம். உங்கள் வீட்டுக் கிராண்டை அடையாள அட்டையோடு இன்றே எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு ‘பெர்பிச்சாரான்’ என்று நோட்டீஸ் வந்தது. விசாரணை என்றதும் அம்மா நடுங்கிப்போனார். “நம்மீது யாரப்பா வழக்குப் போட்டது?” என்று இரண்டு இரவு தூங்கவில்லை. வாரிசுகளை நேரில் அழைத்துச் சம்மதம் கேட்பதற்கும் அதே சொல்தான் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

அன்று அதிகாரி பொறுமையாகவே படித்துக் காட்டினார். 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி எங்கள் நால்வருக்கு. எங்கள் பங்கையும் அம்மாவுக்கே விட்டுக்கொடுக்கிறோம் என்றோம். “செத்துஜு?”, சம்மதமா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். “செத்துஜு” என்றோம். அந்தச் சொல் அம்மாவுக்குத் தெரியும். தம்பி சொல்லும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டார்.