அப்பாட றேடியோவும் அந்த மஞ்சள் புள்ளிகளும்

2022ம் ஆண்டு கரண்ட் கட் நேரம் அப்பாட பெரிய றேடியோவுக்கு எட்டு பெரிய பற்றரி வேணும், அப்ப விலை இருந்த இருப்பில மாசம் எட்டு வாங்கிறது எண்டா நினைச்சுப் பாருங்கோ. அதால கரண்ட் இருக்கிற நேரத்தில எண்டாலும் பற்றரிய மிச்சம் பிடிப்பம் எண்டு நானே ஒரு 12 வோல்ட் பவர் சப்ளை செய்து குடுத்தன். 12 வோல்ட் 500 மில்லி அம்பியர் எண்டு எழுதின ட்ரான்ஸ்போமர் ஒண்டு, 1என்4007 டயோட் (கரண்ட ஒரு பக்கத்தால மட்டும் விடுற சாமான்) நாலு, 1000 மைக்ரோ ஃபரட் கப்பாசிற்றர் (மின்ன சேமிச்சு வச்சுக் குடுக்கிற சாமான்) ஒண்டு, வெளிய வாறத 12 வோல்டில பிடிச்சு வைக்கிற 7812 றெகுலேற்றர் ஒண்டு. அவ்வளவுதான் சாமான்.

கப்பாசிற்றர் 16 வோல்ட் எண்டு போட்டது. வாறது 12 தானே, 16 காணும் எண்டுதான் நான் நினைச்சன். பிளக்க குத்தி, வேலை செய்யுதா எண்டு பாத்துக்கொண்டு நிக்கேக்கயே பட்டெண்டு வெடிச்சு மேல் மூடி கிழிஞ்சு அந்த மணம் வீடு முழுக்க. அம்மா குசினிக்குள்ள இருந்து ஓடி வந்திட்டா. பிறகு 25 வோல்ட் கப்பாசிற்றர் ஒண்டு மாத்தினன், வேலை செய்தது. ஆனா சத்தத்த கூட்டினா பாட்டுக்குப் பின்னால ம்ம்ம் எண்டு ஒரு இரைச்சல். அப்பா "பழைய றேடியோதானே தம்பி, விடு" எண்டு சொல்லிட்டார், நானும் விட்டுட்டன்.

போன லீவுக்கு அக்காட மகன் உவர்மலையில இருந்து எங்கட உப்புவெளி வீட்டுக்கு வந்து நிண்டவன். ஏ.எல் மெத்ஸ் படிக்கிறான், பௌதிகவியல்ல இலத்திரனியல் பாடம் நடக்குது, கணக்கெல்லாம் செய்யிறான், ஆனா ஒரு நாள் கொப்பிய மூடிட்டு கேட்டான், "மாமா, கப்பாசிற்றருக்க ரெண்டு தட்டுக்கு நடுவில இன்சுலேற்றர்தானே இருக்கு, பிறகு எப்பிடி கரண்ட் போகுது?" எண்டு. இதே கேள்விய நானும் அந்த வயசில வச்சிருந்தன், கேக்க ஆள் இருக்கேல்ல. வாயால சொன்னா விளங்காது எண்டு தெரியும், அதால லப்டொப்ப திறந்து பிறவுசரில ஃபால்ஸ்டாட் எண்ட, சேர்க்கிற்ற கீறி ஓட விட்டுப் பாக்கிற சிமியுலேற்றர போட்டன்.

தெரியாத ஆக்களுக்கு சொல்லுறன். போல் ஃபால்ஸ்டாட் எண்டவர் முதல்ல இத ஜாவா அப்லெட்டா எழுதினவர், பிறகு பிறவுசர்கள் அப்லெட்ட கைவிட, இயன் ஷார்ப் எண்டவர் அத ஜாவாஸ்கிரிப்டில ஓடுற மாதிரி மாத்தினார். காசு இல்ல, கணக்கு திறக்கத் தேவையில்ல, புறோகிறாம் எழுதின விதமும் ஆரும் பாக்கிற மாதிரி திறந்துதான் இருக்கு. சேர்க்கிற்ற கீறினோடன அது ஓடத் தொடங்கும். வயருக்குள்ளால மஞ்சள் புள்ளி புள்ளியா கரண்ட் ஓடுறத கண்ணால பாக்கலாம், கூட கரண்ட் எண்டா புள்ளி வேகமா ஓடும், குறைய எண்டா ஊரும். பொசிற்றிவ் வோல்டேஜ் பச்சை, நெகற்றிவ் சிவப்பு, கிரவுண்ட் சாம்பல். எனக்கு இந்த ஒரு விசயத்துக்காகவே அந்த மனுசனுக்கு நன்றி சொல்லோணும் போல இருக்கும்.

கப்பாசிற்றர் ஒண்டையும் றெசிஸ்டர் ஒண்டையும் பற்றரியோட கீறி விட்டன். புள்ளியள் ஒரு தட்டுக்கு வந்து நிக்குது, அதே அளவு புள்ளி மற்ற தட்டில இருந்து வெளிக்கிடுது, நடுவால ஒண்டும் கடக்கேல்ல. வர வர மெதுவாகி நிண்டுட்டுது. அவன் கொஞ்ச நேரம் ஒண்டுமே கதைக்காம பாத்துக்கொண்டு இருந்தான். பிறகு றெசிஸ்டர அழிச்சிட்டு நேரா பற்றரியோட கப்பாசிற்றர பூட்டினான், உடன சிவப்பில எழுத்து வந்து எல்லாம் நிண்டுட்டுது, தடையே இல்லாத லூப் எண்டு. பிழை செய்திட்டன் எண்டு பயந்திட்டான். இல்லடா, இது நல்ல கேள்வி எண்டு சொல்லி விளங்கப்படுத்தினன். இந்த புறோகிறாம் ஒவ்வொரு சந்திக்கும் உள்ள வாற கரண்டும் வெளிய போற கரண்டும் சமன் எண்டு சமன்பாடு எழுதி, எல்லாத்தையும் ஒரு தாயமா (மெற்றிக்ஸ், எண்களிட அட்டவணை) அடுக்கித் தீர்க்குது. தடை இல்லாட்டி ஒரு கணத்தில முடிவிலி கரண்ட் வரோணும், அதுக்கு விடை இல்ல. உண்மையான வயரில எப்பவும் கொஞ்சம் தடை இருக்கு, அத நாங்கதான் கீறிக் காட்டோணும்.

அதுவும் ஒருக்கா தீர்த்தா காணாது. சாதாரணமா 5 மைக்ரோ செக்கனுக்கு ஒருக்கா தீர்க்குது, எங்கட 50 ஹேர்ட்ஸ் கரண்டில ஒரு சுத்துக்கு 20 மில்லி செக்கன், அப்ப ஒரு சுத்துக்கு 4000 தரம். டயோட் (புத்தகத்தில இருவாயி எண்டு இருக்கும்) நேர்கோட்டில நடக்காத சாமான், வோல்டேஜ் கூடுற அதே விகிதத்தில கரண்ட் கூடாது, அதால ஒவ்வொரு தரமும் ஒரு விடைய ஊகிச்சு, திருத்தி, திரும்ப ஊகிச்சு, வித்தியாசம் சின்னதாகும் வரைக்கும் செய்யோணும். 1973இல கலிபோர்னியா பேர்க்லி பல்கலைக்கழகத்தில லாரி நேகல் எண்டவர் தன்ர பேராசிரியர் பெடர்சனோட ஸ்பைஸ் எண்டு ஒரு சிமியுலேற்றர வெளியிட்டவர், அப்ப அது ஓடினது பெரிய பெரிய கொம்பியூட்டரில. அந்த வகை வேலை இப்ப திருகோணமலையில ஒரு பொடியன்ட மடியில இருக்கிற பழைய லப்டொப்பில நடக்குது.

பிறகு அவனே கேட்டான், அம்மப்பா வீட்டில வெடிச்சது எண்டு அம்மா சொன்னவ, அதையும் கீறுவமா எண்டு. கீறினம். முதல்ல 12 எண்டு போட்டான். அங்க ஏசி சோர்ஸில குடுக்கிறது உச்சி வோல்டேஜ், நாங்க சொல்லுற 12 ஆர்எம்எஸ் (ஏசிக்கு வழமையா சொல்லுற ஒரு வகை சராசரி), அத 1.414 ஆல பெருக்கினா 17 வருது. ஃபிறீக்குவன்சியும் 40 எண்டு இருக்கும், 50 ஆக மாத்தோணும், இத தவறவிட்டா எல்லாம் பிழையா வரும். ஆனா அதுவும் முழுக் கதை இல்ல. சின்ன ட்ரான்ஸ்போமர்களில லோட் (கரண்ட இழுக்கிற சாமான்) இல்லாம இருக்கேக்க எழுதினத விட கூடத்தான் வரும். எங்கடத மீற்றரால அளந்து பாத்தா 14.6. அப்ப உச்சி 20.6, ரெண்டு டயோட்டுக்கு 1.4 கழிச்சா கப்பாசிற்றரில 19 வோல்டுக்கு மேல. 16 வோல்ட் கப்பாசிற்றர் வெடிக்காம என்ன செய்யும்? எனக்கு அந்த நேரம் இந்தப் பெருக்கல் தெரியும், கடதாசியில செய்யேல்ல, அவ்வளவுதான்.

இதில ஒண்டு கவனிக்கோணும். ஸ்கிரீனில 19 வோல்ட் நிண்டுது, கப்பாசிற்றர் வெடிக்கேல்ல. வெடிக்காது. சாமான்ட உடம்பில என்ன எழுதியிருக்கு எண்டு சிமியுலேற்றருக்குத் தெரியாது. டிங்கர்காட் எண்ட மற்ற சிமியுலேற்றர் எண்டா எல்ஈடிக்கு றெசிஸ்டர் போடாட்டி வெடிச்ச மாதிரி படம் காட்டும், அது சின்னப் பிள்ளையளுக்கு நல்லது, ஆனா கரண்ட் ஓடுறத பாக்கிறதுக்கு எனக்கு இதுதான். எந்த சாமான் எவ்வளவு தாங்கும் எண்டுறத நாங்க பக்கத்தில எழுதி வச்சுக்கொண்டுதான் பாக்கோணும். எங்கட பக்கம் இது இன்னும் முக்கியம், கனக்க சாமான் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போற ஆரையும் பிடிச்சுத்தான் எடுப்பிக்கிறது, ஒண்டு எரிஞ்சா அடுத்த ஆள் போகும் வரைக்கும் இருக்கோணும்.

லோட் இல்லாம பாத்தது காணாது எண்டு, சத்தம் கூட்டேக்க றேடியோ இழுக்கிற 200 மில்லி அம்பியருக்கு ஒரு கரண்ட் சோர்ஸ் போட்டம், ட்ரான்ஸ்போமர் வயின்டிங்குக்கு 5 ஓம் றெசிஸ்டர் ஒண்டும் தனியா. அப்பதான் நான் வாழ்க்கையில முதல் தரம் அந்த டயோட்டுகள் எப்பிடி வேலை செய்யுதெண்டு பாத்தன். கரண்ட் ஒழுங்கா ஓடேல்ல. கன நேரம் புள்ளி அசையாது, உச்சி வாற நேரம் மட்டும் கப்பெண்டு ஒரு பாய்ச்சல், பிறகு திரும்ப அமைதி. கப்பாசிற்றர் மட்டும் இடையில தனிய நிண்டு லோட்டுக்கு குடுத்துக்கொண்டு இருக்கு. இத்தனை வருசமா சோல்டர் பண்ணுறன், இத மனசில ஒருநாளும் இப்பிடிக் கண்டதில்ல.

அண்டைக்கு இரவு உவர்மலைக்குப் போனவன், அங்க இருந்து வட்ஸ்அப்பில ஒரு லிங்க் அனுப்பினான். முழு சேர்க்கிற்றும் லிங்குக்குள்ளயே இருக்கும், திறந்தா அப்பிடியே வரும். நாலு டயோட்டில ஒண்ட அழிச்சுப் போட்டு கீழ எழுதியிருந்தான், "மாமா இப்பிடி எண்டா என்ன நடக்கும், 14க்கு கீழ விழுதே" எண்டு. பாத்தன். 10 மில்லி செக்கனுக்கு ஒருக்கா வந்த பாய்ச்சல் 20க்கு ஒருக்கா வருது, இடையில கப்பாசிற்றர் இறங்கி இறங்கி 14ஐயும் தாண்டிக் கீழ போகுது. 7812க்கு 12 குடுக்க உள்ளுக்கு ஒரு 14 எண்டாலும் வேணும். அது கிடைக்காட்டி வெளிய வாற 12லயும் பள்ளம் விழும், செக்கனுக்கு 50 தரம். கேட்டா ம்ம்ம் எண்டுதான் கேக்கும்.

பத்து மணி இருக்கும். அப்பா படுத்திட்டார். பெட்டிய எடுத்து பிளக்க கழட்டி, கப்பாசிற்றர டிஸ்சார்ஜ் பண்ணிட்டு மீற்றர டயோட் பக்கம் திருப்பி ஒவ்வொண்டா வச்சன். மூண்டு 0.6 காட்டிச்சு. நாலாவது எந்தப் பக்கம் வச்சாலும் ஒண்டும் காட்டேல்ல. கப்பாசிற்றர் வெடிச்ச அண்டைக்கே போயிருக்கும் போல. மேசை லாச்சிக்குள்ள 1என்4007 ஒண்டு கிடந்தது, கால் உப்புக்காத்துக்கு கறுத்துப் போய். சுரண்டிட்டு பூட்டினன்.

விடிய அப்பா செய்திக்கு றேடியோவ போட்டார், சத்தத்த கூட்டினார், பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டினார், என்னத் திரும்பிப் பாத்தார்.